சம்பளம் யார் கைக்குப் போகிறது?

இந்த மாதச் சம்பளம் உங்கள் வீட்டுக்கு எப்படி வந்தது? ஒட்டிய உறைக்குள் ரொக்கமாக வந்ததா? பெயர் எழுதிய காசோலையாக வந்ததா? அல்லது கண்ணுக்கே தெரியாமல் வங்கிக் கணக்கில் போய்ச் சேர்ந்து, இயந்திரத்தில் அட்டையைச் செருகிய பிறகுதான் முகம் காட்டியதா?

"எப்படி வந்தால் என்ன, மாதம் பிறந்தால் வந்து சேர்ந்தால் சரி" என்று நீங்கள் சொல்லலாம். ஆனால் சற்று நின்று யோசித்துப் பாருங்கள். சம்பளம் வரும் வழி மாறினால், அந்தப் பணத்தை முதலில் தொடுகிற கையும் மாறிவிடுகிறது. முதலில் தொடுகிற கை எது என்பதைப் பொறுத்தே வீட்டில் அரிசி வேகிறது, பிள்ளையின் பள்ளிக் கட்டணம் கட்டப்படுகிறது. ஆகவே இது ஆபீஸ் கிராணியார் மட்டும் கவலைப்பட வேண்டிய சங்கதி இல்லை. குடும்பம் முழுவதும் உட்கார்ந்து பேச வேண்டிய சங்கதி.

நம் குடும்பங்களை எண்ணிப் பாருங்கள். அப்பா பால் வெட்டினார். அல்லது செம்பனைக் குலை அறுத்தார். பிள்ளைகளோ பட்டணத்துக்குப் போய்விட்டார்கள். ஒரு மகள் ஆஸ்பத்திரியில் தாதி. ஒரு மகன் அங்கேயே அட்டெண்டன். மருமகள் நோயாளிகளுக்குச் சமைக்கும் அடுப்படியில் வேலை செய்கிறாள். அத்தை வார்டு கூட்டித் துடைக்கிறார். ஆஸ்பத்திரியில் ரொக்கச் சம்பளம் நின்று காசோலையும் வங்கிக் கணக்கும் வந்த கதையைப் புரிந்துகொண்டால், தோட்டத்துச் சம்பளத்தின் கதையும் தானாகவே விளங்கும். இரண்டும் ஒரே கதைதான்.

ரொக்கம் சும்மா வரவில்லை

உழைத்தவனுக்குக் காசாகவே கூலி கொடுக்க வேண்டும் என்பது இன்று நமக்குச் சாதாரணமாகத் தோன்றுகிறது. ஒரு காலத்தில் அப்படி இருக்கவில்லை.

இங்கிலாந்தில் சுரங்க முதலாளிகளும் ஆலை முதலாளிகளும் தொழிலாளிக்குக் கூலியாகச் சாமானைக் கொடுத்தார்கள். அல்லது தங்கள் சொந்தக் கடையில் மட்டும் செல்லக்கூடிய சீட்டைக் கொடுத்தார்கள். அந்தக் கடையில் மாவு மட்டமாக இருக்கும், விலையோ கூடுதலாக இருக்கும். வேறு கடைக்குப் போனால் சீட்டு செல்லாது. வலக்கையால் கொடுத்த கூலியை முதலாளி இடக்கையால் வாங்கிக்கொண்டார். இந்த அநியாயத்தை நிறுத்தத்தான் 1831-ஆம் ஆண்டில் அங்கே ஒரு சட்டம் வந்தது. கூலியை நாட்டில் செல்லுபடியாகும் நாணயமாகவே கொடுக்க வேண்டும் என்று அது கட்டளையிட்டது. 1887-இல் உடல் உழைப்புத் தொழிலாளர் எல்லாருக்கும் பொருந்துமாறு அது விரிவாக்கப்பட்டது.

நம் பக்கத்திலும் இந்தப் பழக்கம் இருந்தது. சுமத்திராவின் டெலி வட்டாரத்துப் புகையிலைத் தோட்டங்களிலும், அந்நாளில் வட போர்னியோ என்று அழைக்கப்பட்ட இன்றைய சபாவின் லாபுக் வட்டாரத் தோட்டத்திலும் தோட்டத்துக்கென்றே அச்சடித்த வில்லைகள் புழங்கின. இன்று அவற்றைப் பழங்காசு சேகரிப்பவர்கள் ஆசையோடு வாங்கி வைக்கிறார்கள். அன்று அதை மடியில் முடிந்துகொண்ட கூலிக்காரன், தோட்டத்து எல்லையைத் தாண்டி ஒரு முழம் துணிகூட அதைக் கொண்டு வாங்க முடியாமல் திண்டாடினான்.

நம் நாட்டு 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்திலும் இந்தப் பழைய பாடம் தெரிகிறது. சம்பளம் செல்லுபடியாகும் பணமாகவே கொடுக்கப்பட வேண்டும் என்பது அதன் தொடக்ககால விதி. இன்ன கடையில்தான் செலவழிக்க வேண்டும் என்று தொழிலாளியை முதலாளி கட்டாயப்படுத்தக்கூடாது. கொடுத்த முன்பணத்துக்கு வட்டி வாங்கக்கூடாது. மதுக்கடையிலோ, சில்லறைக் கடையிலோ, கேளிக்கைக் கூடத்திலோ வைத்துச் சம்பளம் பட்டுவாடா செய்யக்கூடாது. அங்கேயே வேலை செய்கிறவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. சட்டம் எழுதியவர்கள் ஏன் கள்ளுக்கடையையும் மளிகைக் கடையையும் நினைத்துப் பார்த்தார்கள் என்று நம் லயத்துப் பெரியவர்களிடம் விளக்க வேண்டியதில்லை!

உறையில் வந்த சம்பளம்

ரொக்கச் சம்பளத்தின் பின்னால் எவ்வளவு வேலை இருந்தது என்பது வாங்கியவர்களில் பலருக்குத் தெரியாது.

ஒருவருக்குப் பிடித்தம் போக 437 வெள்ளி 65 காசு சேர வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நூறு வெள்ளித் தாள் நான்கு, பத்து வெள்ளித் தாள் மூன்று, ஐந்து வெள்ளித் தாள் ஒன்று, ஒரு வெள்ளி இரண்டு. அதன் பிறகு ஐம்பது, பத்து, ஐந்து காசுகளில் ஒவ்வொன்று. இப்படி நூறு பேருக்கும், இருநூறு பேருக்கும் தனித்தனியாகக் கணக்குப் போட்டு, எந்தத் தாள் எத்தனை வேண்டும் என்று கூட்டி எழுதிக்கொண்டு வங்கிக்குப் போக வேண்டும். வாங்கி வந்து எண்ணி, உறையில் போட்டு, மறுபடியும் சரிபார்க்க வேண்டும். ஒரு காசு இடித்தாலும் எல்லா உறையையும் பிரிக்க வேண்டியதுதான். வழியில் கொள்ளைக்காரன் பயம் வேறு. இன்ன தேதியில் இன்ன பாதையில் சம்பளப் பணம் வரும் என்று ஊருக்கே தெரிந்திருந்தால் கள்ளனுக்கு மட்டும் தெரியாமல் போகுமா?

ஆஸ்பத்திரியில் இன்னொரு சிக்கல். தோட்டத்தில் எல்லாரும் காலையில் பெரட்டுக்கு வந்து, மத்தியானம் ஒன்றாக வேலை முடிப்பார்கள். ஆஸ்பத்திரிக்கு ராத்திரி பகல் கிடையாது. மூன்று முறையாக வேலை நடக்கும். இரவு முழுவதும் நோயாளிக்கு மலச்சட்டி எடுத்தவர், காலையில் வீட்டுக்குப் போய்க் கண் மூடாமல், சம்பள ஜன்னல் திறக்கும் வரை காத்துக் கிடக்க வேண்டும். அன்று விடுப்பில் இருப்பவர் சம்பளத்துக்காகவே பஸ் ஏறி வர வேண்டும்.

ஆனாலும் அந்த உறைக்கு ஒரு மதிப்பு இருந்தது. அங்கேயே பிரித்து எண்ணலாம். குறைந்தால் அங்கேயே கேட்கலாம். "கையிலே காசு, வாயிலே தோசை" என்பது பொய்யில்லை. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கும் பத்து வெள்ளித் தாளின் நிறம் தெரியும்.

அதே உறைக்கு இன்னொரு முகமும் இருந்தது. ஆபீஸ் வாசலிலேயே கடைக்காரர் கடன் நோட்டோடு நிற்பார். துணி வியாபாரி நிற்பார். வட்டிக்காரர் சைக்கிளைச் சாய்த்து வைத்துக்கொண்டு நிற்பார். கொஞ்சம் தள்ளிக் கள்ளுக்கடை. இந்தக் கைகளையெல்லாம் கடந்து வீட்டுக்கு வந்து சேர்ந்தது எவ்வளவு என்பது அடுப்படியில் காத்திருந்த தாய்மார்களுக்குத் தெரியும்.

பிரிட்டிஷ் ஆஸ்பத்திரிகளில் நடந்தது

1960-களிலும் 70-களிலும் நம் நாட்டிலிருந்து பல பெண்கள் தாதிப் பயிற்சிக்காகப் பிரிட்டனுக்குப் போனார்கள். அங்கே 1948-ஆம் ஆண்டு ஜூலை 5-ஆம் தேதி தேசிய சுகாதாரச் சேவை தொடங்கி, ஆஸ்பத்திரிகளை அரசாங்கமே எடுத்துக்கொண்டது. ஒரே கூரையின் கீழ் இரண்டு விதமான சம்பளம் இருந்தது. டாக்டர்களுக்கும் ஆபீஸ்காரர்களுக்கும் மாதச் சம்பளம், வங்கி வழியாக. கூட்டுபவர், சமைப்பவர், துணி வெளுப்பவர், நோயாளியைத் தள்ளுவண்டியில் கொண்டுபோகிறவர் ஆகியோருக்கு வாரக் கூலி, உறையில் ரொக்கமாக. யார் எந்த வழியில் சம்பளம் வாங்குகிறார் என்பதே அவர் எந்தப் படியில் நிற்கிறார் என்பதற்கு அடையாளமாக இருந்தது.

நிர்வாகத்துக்குக் காசோலைமேல் ஆசை. எண்ண வேண்டாம், காவல் வேண்டாம், உறை வேண்டாம். ஆனால் 1831-ஆம் ஆண்டுச் சட்டம் குறுக்கே நின்றது. கடைசியில் 1960-ஆம் ஆண்டில் ஒரு புதிய சட்டம் வந்தது. காசோலையாகவோ, தபால் பண ஆணையாகவோ, வங்கிக் கணக்கிலோ கூலி கொடுக்கலாம் என்று அது அனுமதித்தது. ஆனால் தொழிலாளியே எழுத்து மூலம் கேட்டிருக்க வேண்டும் என்பது நிபந்தனை! முதலாளியின் வசதிக்காகத் தொழிலாளியின் உரிமையைத் தூக்கிக் கொடுத்துவிடக்கூடாது என்ற எச்சரிக்கை அதில் இருந்தது.

தொழிலாளர் பலர் தயங்கினார்கள். அவர்கள் தயங்கியதற்குக் காரணம் இருந்தது. அந்நாளில் அங்கே வங்கிகள் பிற்பகல் மூன்றரை மணிக்கே கதவைச் சாத்தின. 1969 முதல் சனிக்கிழமையும் திறப்பதில்லை. வார்டு கூட்டுகிறவர் எந்த நேரத்தில் போய்க் காசோலையை மாற்றுவார்? வாரக் கூலியை வாரத்திலேயே செலவழித்துப் பழகிய வீட்டில், மாதச் சம்பளம் வரும் வரை நான்கு வாரம் எப்படிக் கழியும்? நிர்வாகத்துக்கு மிச்சமாகும் பணத்தில் தொழிலாளிக்கு ஒரு பங்கு உண்டா? இவை நியாயமான கேள்விகள். கடைசியில் 1986-ஆம் ஆண்டுச் சட்டம் அந்தப் பழைய சட்டங்களை நீக்கியது. நாணயமாகத்தான் வேண்டும் என்று சட்டப்படி கேட்கும் உரிமையும் அதோடு போயிற்று.

155 ஆண்டுகள் ஒரு சட்டம் தொழிலாளியின் உள்ளங்கையில் நாணயத்தை வைக்கச் சொல்லிக் காவல் நின்றது. அது நீங்கிய பிறகு அந்தக் காவலை யார் ஏற்பது? தொழிலாளிதான் தன் கணக்குக்குத் தானே காவல் நிற்க வேண்டும்.

காசோலை என்பது பாதிக் காசு

காசோலை என்பது பணம் இல்லை. "இவருக்கு இவ்வளவு பணம் கொடு" என்று வங்கிக்கு எழுதிய கடிதம். கடிதம் எழுதியவரின் கணக்கில் பணம் இருந்தால்தான் அது காசாகும். இல்லாவிட்டால் திரும்பி வந்துவிடும். திரும்பி வந்த காசோலை, கொடுத்த சம்பளம் ஆகாது. அந்தக் கடன் முதலாளிமேல் அப்படியே நிற்கும்.

காசோலையின் மூலையில் இரண்டு கோடுகள் சாய்வாகப் போட்டிருந்தால், அதை ஜன்னலில் கொடுத்து ரொக்கம் வாங்க முடியாது. ஒரு கணக்கில்தான் போட முடியும். திருடன் கையில் கிடைத்தாலும் சுலபத்தில் பணமாக்க முடியாது என்பது அதன் நன்மை. கணக்கு இல்லாதவருக்கு அது வெறும் தாள் என்பது அதன் கஷ்டம். தேதி போட்டு ஆறு மாதம் கடந்துவிட்டால் வங்கி அதை ஏற்காது. ஆகவே சாமி படத்துக்குப் பின்னால் பத்திரமாகச் செருகி வைத்துவிட்டு மறந்துவிடாதீர்கள்.

கணக்கு இல்லாதவர் என்ன செய்வார்? கடைக்காரரிடம் போவார். "அண்ணே, இதை மாத்திக் குடுங்க" என்பார். அவரும் மாற்றிக் கொடுப்பார், கொஞ்சம் பிடித்துக்கொண்டு. அந்தக் "கொஞ்சம்" எவ்வளவு என்று கணக்குப் பார்ப்போம். 2025-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் தேதி நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. நூற்றுக்கு இரண்டு வெள்ளி பிடித்தால் மாதம் 34 வெள்ளி. வருஷத்துக்கு 408 வெள்ளி! இரண்டு பிள்ளைகளுக்குப் பள்ளிச் சீருடையும் காலணியும் புத்தகப் பையும் வாங்கக்கூடிய பணம். தன் சொந்தச் சம்பளத்தைத் தன் கையில் வாங்குவதற்கு ஒரு மனிதர் கொடுக்கும் கூலி இது.

வங்கி தூரத்தில் இருந்தாலும் இதே நஷ்டம்தான். பஸ் கட்டணம், போன நாளின் கூலி, பட்டணத்தில் ஒரு தேநீர் என்று எல்லாம் சம்பளத்திலிருந்துதான் கழிகிறது. இந்தியாவில் 2016-ஆம் ஆண்டு நவம்பர் 8-ஆம் தேதி இரவு ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அரசாங்கம் அறிவித்தபோது, அசாம், மேற்கு வங்காளத் தேயிலைத் தோட்டங்களில் கூலி கொடுக்க ரொக்கம் இல்லாமல் போயிற்று. அவசரம் அவசரமாகத் தொழிலாளர் பெயரில் வங்கிக் கணக்குத் திறந்தார்கள். ஆனால் தோட்டத்துக்குப் பக்கத்தில் வங்கியும் இயந்திரமும் இருக்க வேண்டுமே! கணக்கில் கூலி ஏறியும் கையில் காசு இல்லாமல் மக்கள் அலைந்தார்கள். கணக்குத் திறப்பது பாதி வேலை. பணத்தை எடுக்க வழி செய்வது மீதி வேலை.

நம் நாட்டுச் சட்டம் சொல்வது

நம் நாட்டில் 1974-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் தேதி, பழைய தபால் நிலையச் சேமிப்பு வங்கியின் இடத்தில் பேங்க் சிம்பானான் நேஷனல் வந்தது. 1981-இல் பணம் தரும் இயந்திரம் முதன்முதலாக நம் நாட்டுக்கு வந்தது. அப்போதும் சட்டத்தின் பொது விதி ரொக்கம்தான். தொழிலாளி சம்மதித்தால்தான் காசோலையோ வங்கிக் கணக்கோ.

2012-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதி இந்த விதி தலைகீழாக மாறியது. தீபகற்ப மலேசியாவிலும் லாபுவானிலும் நடப்பிலுள்ள வேலைச் சட்டத்தின்படி, சம்பளம் வங்கிக் கணக்கில்தான் போடப்பட வேண்டும். ரொக்கமாகவோ காசோலையாகவோ வேண்டுமென்றால், தொழிலாளி எழுத்து மூலம் கேட்க வேண்டும். பிறகு மனம் மாறினால் அந்தக் கோரிக்கையை எழுத்து மூலமே திரும்பப் பெறலாம். நான்கு வாரம் கழித்து அது நடப்புக்கு வரும். சபாவுக்கும் சரவாக்குக்கும் தனித்தனித் தொழிலாளர் சட்டங்கள் உண்டு.

இந்த விதியில் ஒரு வரியை நீங்கள் மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும். அந்தக் கணக்கு தொழிலாளியின் பெயரில் இருக்க வேண்டும். அல்லது தொழிலாளி தானே குறிப்பிடும் ஒருவரோடு சேர்ந்த கூட்டுக் கணக்காக இருக்க வேண்டும். மண்டோர் பெயரிலோ, குத்தகைக்காரர் பெயரிலோ, கடைக்காரர் பெயரிலோ போட முடியாது. "எல்லாருக்கும் சேர்த்து என் கணக்கில் போடச் சொல்லியிருக்கிறேன், நான் பிரித்துத் தருகிறேன்" என்று யாராவது சொன்னால், 1831-ஆம் ஆண்டுச் சட்டம் ஒழிக்க நினைத்த பழைய வியாபாரம் புதுச் சட்டை போட்டு வந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

அட்டையை அடகு வைக்காதீர்கள்

வங்கிக் கணக்கு வந்ததும் ஆபீஸ் வாசலில் நின்ற கைகள் போய்விட்டன என்று நினைத்தோம். அவை போகவில்லை. இடம் மாறி நிற்கின்றன.

கடன் வேண்டுமென்று போகிறார் ஒருவர். நிலம் இல்லை, நகை இல்லை. "பரவாயில்லை, உங்கள் வங்கி அட்டையையும் இரகசிய எண்ணையும் கொடுங்கள்" என்கிறார் வட்டிக்காரர். சம்பள நாள் இரவில் இயந்திரத்தின் முன் நிற்பது உழைத்தவர் இல்லை, வட்டிக்காரரின் ஆள். தனக்குச் சேர வேண்டியதை எடுத்துக்கொண்டு மீதியைக் கொடுப்பார். கணக்கை யார் பார்த்தார்கள்? முன்பு உறையைப் பிரித்தது தொழிலாளியின் கை. அதன் பிறகுதான் மற்றவர் கேட்டு வாங்கினார்கள். இப்போது உறையே மற்றவர் கைக்கு நேராகப் போகிறது. வில்லை கொடுத்த தோட்ட முதலாளிகூட இவ்வளவு சுலபமாக வாங்கவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 1951-ஆம் ஆண்டு வட்டித் தொழில் சட்டத்தின் கீழ், உத்தரவாதம் இல்லாத கடனுக்கு ஆண்டுக்கு நூற்றுக்கு 18 வெள்ளிதான் உச்ச வட்டி. ஆயிரம் வெள்ளிக்கு வருஷத்துக்கு 180 வெள்ளி. மாதம் நூற்றுக்குப் பத்து என்று வாங்குகிறவரிடம் அதே ஆயிரத்துக்கு வருஷ வட்டி 1,200 வெள்ளி. முதல் அப்படியே நிற்கும்! கடன் வாங்கியே ஆக வேண்டுமென்றால் உரிமம் உள்ள இடத்தில் வாங்குங்கள். எழுத்து மூலம் ஒப்பந்தம் கேளுங்கள். அட்டையை மட்டும் யாருக்கும் கொடுக்காதீர்கள். இரகசிய எண்ணைப் பிறருக்குச் சொல்லக்கூடாது என்பது வங்கியின் விதி. சொல்லிவிட்டுப் பணம் போனால், வங்கியிடம் போய் நியாயம் கேட்பது கடினம்.

தாய்மார்களுக்குச் சில வார்த்தைகள்

ரொக்கக் காலத்தில் சம்பள நாளன்று ஆபீஸ் பக்கம் போய் நின்ற பெண்களைச் சிலர் கேலி செய்தார்கள். அவர்கள் வெட்கம் கெட்டு நிற்கவில்லை. புருஷன் கள்ளுக்கடைப் பாதையில் திரும்புவதற்கு முன் பிள்ளைகளின் பங்கை வாங்கிவிட வேண்டுமென்று நின்றார்கள். வங்கிக் கணக்கு வந்தபோது அந்த வாசலும் இல்லாமல் போயிற்று. சம்பளம் எவ்வளவு, என்றைக்கு வந்தது, எவ்வளவு எடுத்தார் என்பதெல்லாம் அட்டை வைத்திருப்பவருக்கு மட்டும் தெரியும்.

இதற்கு வழி சட்டத்திலேயே இருக்கிறது. கூட்டுக் கணக்கு என்று சொன்னோம் அல்லவா? கணவனும் மனைவியும் விரும்பினால் சம்பளத்தைக் கூட்டுக் கணக்கில் போடச் சொல்லலாம். அது வேண்டாமென்றால், சம்பளச் சீட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து இருவரும் சேர்ந்து பார்க்கிற பழக்கமாவது வேண்டும். மனைவி கணக்குக் கேட்பதில் ஆண்பிள்ளைக்கு என்ன மானக்குறைவு? கம்பெனிக்கே கணக்குப் பார்ப்பவர் இருக்கும்போது குடும்பத்துக்கு வேண்டாமா?

வேலைக்குப் போகும் பெண்களுக்கு இன்னொன்று. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் மனைவி பறித்த கொழுந்தின் கூலியையும் கணவனே கையெழுத்துப் போட்டு வாங்கும் வழக்கம் நெடுநாள் இருந்தது. வார்டு கூட்டுகிறவராக இருந்தாலும், ஆயாவாக இருந்தாலும், தாதியாக இருந்தாலும் உங்கள் சம்பளம் உங்கள் பெயரில் உள்ள கணக்குக்கு வருகிறதா என்று பாருங்கள். அட்டை உங்கள் பையில் இருக்கட்டும். வீட்டுக்குக் கொடுப்பது வேறு, பறிகொடுப்பது வேறு.

குத்தகை வேலைக்காரர்களுக்கு

1990-களின் இரண்டாம் பாதியில் அரசாங்க ஆஸ்பத்திரிகளின் துப்புரவு, துணி வெளுப்பு போன்ற வேலைகள் தனியார் கம்பெனிகளிடம் ஒப்படைக்கப்பட்டன. அந்த வேலைகளில் நம் பெண்கள் ஏராளம். வேலை செய்வது ஆஸ்பத்திரியில், சம்பளம் கொடுப்பது கம்பெனி. சம்பளம் தாமதமானால் யாரைக் கேட்பது என்றே பலருக்குத் தெரிவதில்லை. ரொக்கக் காலத்தில் ஜன்னல் திறக்காவிட்டால் எல்லாரும் சேர்ந்து வாசலில் நின்று சத்தம் போட்டார்கள். வங்கிச் சம்பளத்தில் ஒவ்வொருவரும் தனித்தனியாக இயந்திரத்தின் முன் நின்று, "இன்னும் வரவில்லையே" என்று தனக்குள் வருந்திக்கொண்டு திரும்புகிறார்கள். பக்கத்து வார்டுக்காரருக்கு வந்ததா என்று கேளுங்கள். வரவில்லை என்றால் சேர்ந்து கேளுங்கள்.

சம்பளக் காலம் முடிந்து ஏழு நாளுக்குள் சம்பளம் கொடுக்கப்பட வேண்டும் என்பது சட்டம். மாதக் கடைசியில் முடிந்தால், அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் கணக்கில் ஏற வேண்டும். கூடுதல் நேர வேலைக்கும், ஓய்வு நாளிலும் பொது விடுமுறையிலும் செய்த வேலைக்கும் உரிய பணம் அடுத்த சம்பளக் காலத்தின் கடைசி நாளுக்குள் வர வேண்டும். தீபாவளியன்று வேலைக்குப் போனவர் இதை மறக்க வேண்டாம்.

இனிச் செய்ய வேண்டியவை

சம்பளச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். சம்பளம், படி, பிடித்தம் ஆகிய விவரங்களை முதலாளி கொடுத்தாக வேண்டும். பணம் வங்கிக்குப் போனதால் சீட்டு வேண்டாம் என்று ஆகிவிடாது. ரொக்கம் கண்ணுக்குத் தெரியாததால்தான் சீட்டு இன்னும் அவசியம்.

சீட்டிலுள்ள தொகையும் கணக்கில் ஏறிய தொகையும் ஒன்றா என்று பாருங்கள். சேமநிதிப் பிடித்தம் சேமநிதி வாரியத்துக்குப் போய்ச் சேர்ந்ததா என்றும் விசாரியுங்கள். மாதப் பிடித்தம் எல்லாம் சேர்ந்து பொதுவாகச் சம்பளத்தில் பாதிக்கு மேல் போகக்கூடாது.

வங்கி தூரமானால், பக்கத்தில் வங்கிகளின் முகவர் கடை இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். ஒவ்வொரு தடவையும் பஸ் ஏறாமல் தேவையைத் திட்டமிட்டு எடுங்கள்.

வங்கியில் போட்ட பணம் மூழ்கிவிடுமோ என்று அஞ்சுகிற பெரியவர்களுக்குச் சொல்லுங்கள்: வைப்புத்தொகைக் காப்பு நிறுவனம் ஓர் உறுப்பு வங்கியில் ஒருவருக்கு 250,000 வெள்ளி வரை காப்பு கொடுக்கிறது. நம்மில் பெரும்பாலோருக்கு அது போதாதா!

எழுத்துத் தெரியாத தாய் தகப்பனுக்குப் பிள்ளைகள் துணை போகட்டும். எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று பொறுமையாகச் சொல்லிக் கொடுங்கள். அவர்களுக்காக எடுத்துக் கொடுப்பது உதவி. அவர்களே எடுக்கப் பழக்குவது அதைவிடப் பெரிய உதவி.

சம்பளத்தில் குறையோ தாமதமோ இருந்தால் சங்கத்திடம் சொல்லுங்கள். தொழிலாளர் இலாகாவில் புகார் கொடுங்கள். அங்கே வழக்கறிஞர் வைத்துத்தான் பேச வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சீட்டையும் வங்கிக் கணக்கு விவரத்தையும் கையில் கொண்டுபோனால் போதும். ரொக்கக் காலத்தில் "கொடுத்தேன்", "வாங்கவில்லை" என்று வாய்ச்சண்டை நடக்கும். வங்கிக் கணக்கில் வராத பணத்தை வந்ததென்று யாரும் சாதிக்க முடியாது. காசோலையும் வங்கியும் நமக்குக் கொடுத்திருக்கும் பெரிய நன்மை இந்தச் சாட்சிதான். அதைப் பயன்படுத்துங்கள்.

ரொக்கமோ, காசோலையோ, கணக்கோ எல்லாம் பாத்திரங்கள். உள்ளே இருப்பது நம் வியர்வை. பாத்திரம் மாறுவதில் தவறில்லை. அதன் கைப்பிடி நம் கையில் இருக்க வேண்டும். அடுத்த சம்பளம் ஏறிய அன்று, சீட்டை எடுத்து மேசையில் வைத்து, வீட்டார் எல்லாரும் ஒரு பத்து நிமிஷம் உட்காருங்கள். வந்தது எவ்வளவு, போனது எவ்வளவு, யார் கை வழியாகப் போனது என்று பாருங்கள். அந்தப் பத்து நிமிஷம் உங்கள் குடும்பத்துக்கு நல்ல வரவு.